தொபோகோவில் கடைசி ஆட்டம்

ஷாரி அக்கா வீட்டில் ஒரு பெயரைச் சொல்லக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மீன் சூப்பை ஊதிக்கொண்டே, "கெலெமென் எமோக்கேயும் நம்ம கட்டடத்துலதான் வாள் பிடிக்கக் கத்துக்கிட்டாங்களாமே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அக்காவின் கணவர் தெஜோ தட்டைத் தள்ளி வைத்தார். "அந்த ஓடுகாலி பேரை என் மேஜையில எடுக்காதே தம்பி" என்று சொல்லிவிட்டு, பனி விழுந்துகொண்டிருந்த பால்கனியில் போய் மேல்கோட்டு இல்லாமல் நின்றார். அக்கா மீனிலிருந்து முள்ளைப் பிரித்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

வாத்காய் ஷரோல்தா என்பது அக்காவின் முழுப்பெயர். எங்கள் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு ஆசிரியை. பட்டை தீட்டிய சாம்பல் நிறக் கண்கள், ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலைமுடி, இடது முழங்காலில் ஒரு உறை. மாணவர்கள் பயப்படுவார்கள், ஆனால் வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டு போகமாட்டார்கள். அவருடைய வாழ்க்கை முழுவதும் ஒரே கட்டடத்தில் கழிந்தது. தீசா ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த நாலு மாடிக் கட்டடம். அதற்கு ஒரு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் 'தொபோகோ' என்றுதான் சொல்வார்கள். தடதடவென்று மிதிபடுகிற இடம் என்று அர்த்தம். இரண்டாம் மாடியில் வாள்வீச்சுக் கூடம். அதற்கு நேர் கீழே என் வகுப்பறை. மேலே யாராவது முன்காலை ஓங்கி வைத்துப் பாய்ந்தால், கீழே கொக்கியில் தொங்கும் என் எலும்புக்கூடு கையை ஆட்டும். உடற்கூற்றியல் பாடம் நடக்கும்போது மாணவர்கள் அதற்குப் பதில் வணக்கம் சொல்வார்கள். நானும் அந்தக் காலத்தில் நடுவர் தேர்வு எழுதி வைத்திருந்தேன். மேலே பயிற்சி ஆட்டம் நடந்தால் அக்கா தரையை இரண்டு தடவை தட்டுவார். நான் ஏறிப் போவேன்.

எமோக்கே விஷயம் ஊருக்கே தெரிந்த கதைதான். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே பயிற்சியாளர், ஒரே விடுதி அறை. எழுபத்தொன்பதாம் வருஷ வசந்தத்தில், இத்தாலியில் டூரின் நகரத்துப் போட்டிக்குப் போன இடத்தில், எமோக்கே விடியற்காலையில் அறையை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. மேற்கு நாட்டில் தஞ்சம் கேட்டுவிட்டார். எங்கள் நாட்டில் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி, அப்படி ஓடுவது தேசத்துரோகம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஷாரிக்கு ஒன்றுமே தெரியாது, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் ஊர் திரும்பியதும் தண்டனை அவளுக்குத்தான். கடவுச்சீட்டைப் பிடுங்கினார்கள். அடுத்த கோடையில் ஒலிம்பிக். குழுவிலிருந்து பெயர் போயிற்று. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. தெஜோ வியன்னா போகும் விரைவு வண்டியில் என்ஜின் ஓட்டுநர். சந்தேகத்துக்குரியவளின் கணவனை எல்லை தாண்ட விடுவார்களா? சரக்குக் கொட்டடியில் பெட்டி தள்ளுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். இதுதான் கதை. இப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

இரண்டாயிரத்துப் பதினாறில் தொபோகோவை இடிப்பதென்று முடிவானது. ஊருக்கு வெளியே கண்ணாடியும் இரும்புமாகப் புது விளையாட்டு அரங்கம் எழும்பியிருந்தது. புதிதாக வந்திருந்த துறைத்தலைவர் மரோட்டி புதாபெஸ்ட்காரர், சுறுசுறுப்பானவர், நல்லவரும்கூட. ஜூன் மாதம் ஒரு பிரியாவிடை விழா ஏற்பாடு செய்தார். பழைய மாணவர்கள், இசைக்குழு, பிறகு இரண்டாம் மாடியில் ஒரு காட்சி ஆட்டம். மாடிப்படியில் சுவரொட்டி ஒட்டியபோதுதான் யாரோடு யாருக்கு ஆட்டம் என்று எங்களுக்குத் தெரிந்தது. வாத்காய் ஷரோல்தா எதிர் கெலெமென் எமோக்கே. எமோக்கே இத்தாலியிலிருந்து வருகிறார்.

நான் படியேறும்போது அக்கா அந்தச் சுவரொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மரோட்டியும் பக்கத்தில் நின்றார்.

"அவங்களை நானே ஃபோன்ல கூப்பிட்டேன் மேடம். உடனே ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்..."

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

"உங்களுக்கு மனசு இல்லன்னா மாத்திடலாம். முழங்கால் வலின்னு சொல்லிக்கலாம்."

"என் முழங்காலைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் அக்கா. "ஆடறேன். அச்சடிச்சாச்சு இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "லோரி, நடுவர் நீதான். வேற யாரையும் போட விடாதே."

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. எனக்கு வாள் வீச அவ்வளவாக வராது என்பதால் என்னை ஒரு சுவர் மாதிரி நிறுத்தி வைத்துக் குத்திக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயது. ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் எழுந்திருக்க ஒரு கணம் கூடுதலாகப் பிடித்தது. அந்தக் கணத்தில் பல்லைக் கடிப்பது முகக்கவச வலைக்குள்ளும் தெரிந்தது.

"அக்கா, இது காட்சி ஆட்டம். ஜெயிச்சா ஒரு கண்ணாடிக் கிண்ணம் குடுப்பாங்க, அவ்வளவுதான்" என்றேன்.

"வாளைத் தூக்கு" என்றார்.

ஒரு நாள் மூச்சு வாங்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: ஆட்டம் முடிந்தால் எதிராளிக்குக் கை கொடுக்க வேண்டும், அது விதி, கொடுக்காவிட்டால் நான் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்ற வேண்டும். கொடுப்பீர்களா?

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கறுப்பு அட்டையைச் சட்டைப் பையிலயே வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குப் புரியவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

விழா நாள் காலையிலேயே வெயில் கொளுத்தியது. கூடத்தின் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தும் மெழுகு பூசிய தரைப்பலகை வாசனையும் வியர்வை வாசனையும் நெஞ்சை அடைத்தன. சுவரோரப் படிக்கட்டு இருக்கைகள் நிறைந்து, உடற்பயிற்சி ஏணிகளில்கூட ஆட்கள் தொற்றிக்கொண்டு இருந்தார்கள். தெஜோ முதல் வரிசையில். சலவைச் சட்டை, மடியில் ஒரு பை. பையில் அக்கா சுட்ட பாலாடைக்கட்டி பொகாச்சா ரொட்டி, அக்கம்பக்கத்தாருக்கு நீட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கண் வாசலிலேயே இருந்தது. நான் பக்கத்தில் போனதும் தணிந்த குரலில் சொன்னார்:

"அவ வரட்டும் லோரி. என் பொண்டாட்டி குத்துற குத்துல அந்த இத்தாலிக்காரி தரையில உருளணும். அதைப் பாத்துட்டா போதும், நான் நிம்மதியா சாவேன்."

"வாள் முனை பொத்தான் மாதிரி மழுங்கல்தான் மாமா. உருளமாட்டாங்க."

"எனக்காக ஒரு தடவை உருளட்டுமே."

மரோட்டி மேடையேறிப் பேசினார். கட்டடத்தின் வரலாறு, வெள்ளம் வந்த வருஷம், பதக்கங்கள். கடைசியில் குரலை இறக்கிக்கொண்டு, "இன்னொருவர் எடுத்த முடிவுக்கு, ஒன்றுமே அறியாத ஓர் அப்பாவிப் பெண் விலை கொடுத்தார். அவர் கசந்துபோகாமல் இந்தக் கூடத்திலேயே நின்று மூன்று தலைமுறையை வளர்த்தார். இன்று அந்த இருவரும் ஒரே தளத்தில் நிற்கப் போகிறார்கள்" என்றார். சனம் எழுந்து நின்று கை தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். தெஜோ சிவந்த முகத்தோடு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அக்கா தலையைக் குனிந்தபடி கையுறையின் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்துக்கு முன் வாள்களைச் சோதிக்க வேண்டும். கூடத்துக்குப் பின்னால் ஆயுத அறை இருக்கிறது. சன்னல் கிடையாது, ஒரு மேஜை, ஒரு விளக்கு. முனையின் மேல் எடையை வைத்து உள்ளிருக்கும் சுருள்வில் தாங்குகிறதா என்று பார்ப்பது நடுவர் வேலை. நான் அதற்காக உள்ளே போனபோது அக்கா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். பின்னாலேயே எமோக்கே வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தலைமுடியைக் குட்டையாகப் பின்னியிருந்தார்.

"ஷாரி" என்றார்.

"வாளை அவன்கிட்ட குடு" என்றார் அக்கா.

"இத்தனை வருஷம் கழிச்சு இதான் சொல்றியா?"

"வேற என்ன சொல்லணும்? நேரமாச்சு."

"நான் வேணும்னா வெளிய நிக்கட்டுமா?" என்றேன்.

"நீ உன் வேலையைப் பாருடா" என்றார் அக்கா.

நான் எடையை முனைமேல் வைத்தேன். எமோக்கே கதவை மூடினார்.

"அந்த ஆள் பேசினதைக் கேட்டியா? ஒண்ணுமே அறியாத அப்பாவிப் பொண்ணாம். நீயும் உக்காந்து கேட்டுட்டு இருந்தே. ஏண்டீ, இருட்டுல என் ஷூவைத் தேடி எடுத்துக் குடுத்தது யாரு?"

எடை என் கையிலிருந்து மேஜையில் விழுந்தது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெதுவா பேசு" என்றார் அக்கா.

"நீயும் வர்றியான்னு கேட்டேன். முடியாது, தெஜோ இருக்கான்னு சொன்னே. மத்தியானம் வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீ போன்னே. மத்தியானம் வரைக்கும் ஒருத்தன் என்னைத் தேடி வரல. ஏன் வரலன்னு எனக்குத் தெரியாதா?"

"காய்ச்சல்னு சொன்னேன். வாந்தி எடுத்துட்டுத் தூங்கறா, எழுப்பாதீங்கன்னு கதவுக்கு முன்னால நின்னேன். போதுமா? இப்ப அதுக்கென்ன?"

"இன்னிக்குக் கடைசியில என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் சொல்லப்போறேன்."

"சொல்லாதே."

"உன்னை எல்லாரும் பாவம்னு பாக்கறாங்க ஷாரி! நீ பாவமா? அந்தக் கூட்டத்துல உன்னை மாதிரி தைரியம் யாருக்கு இருந்துச்சு?"

"தெஜோவுக்குத் தெரியாது."

எமோக்கே வாயில் கை வைத்தார். வெளியே இசைக்குழு ஏதோ ஒரு அணிநடைப் பாட்டை ஆரம்பித்தது.

"அவன் வியன்னா வண்டி ஓட்டினவன்" என்றார் அக்கா. ஒவ்வொரு வார்த்தையையும் ஊன்றி ஊன்றிச் சொன்னார். "அந்த வண்டிதான் அவனுக்கு உசுரு. அது போனது என்னால. நான் சொன்ன பொய்யால. உன்னைத் திட்டிட்டு இருக்கறவரைக்கும் அவனுக்கு ஒரு பிடிமானம் இருக்கு. அதை நீ எடுத்துடாதே."

"அவருக்குப் பிடிமானம். உனக்கு?"

அக்கா முகக்கவசத்தைக் கையில் எடுத்தார். "நான் ஜெயிச்சா நீ வாயை மூடிட்டு ரயிலேறணும்."

"நான் ஜெயிச்சா?"

"மாட்டே. நீ எப்பவும் கடைசிப் புள்ளியில அவசரப்படுவே."

"அப்ப சரி" என்றார் எமோக்கே. "நான் ஜெயிச்சா பேசுவேன்."

இருவரும் வாளை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஆட்டத்துக்கு நடுவர் நான்.

தளத்தின் இரு முனையிலும் அவர்கள் நின்றார்கள். குத்து விழுந்தால் விளக்கு எரிவதற்காக முதுகில் மின்கம்பி மாட்டப்பட்டது. வாளை உயர்த்தி எனக்கும் சனத்துக்கும் வணக்கம் வைத்தார்கள். ஒருவருக்கொருவர் வைக்க வேண்டிய வணக்கத்தை எமோக்கே முழுசாக வைத்தார். அக்கா வாளை ஒரு அங்குலம் அசைத்தார். ஐந்து புள்ளி எடுப்பவர் வெற்றி. அக்கா குத்தினால் சிவப்பு விளக்கு, எமோக்கே குத்தினால் பச்சை. இரண்டும் எரிந்தால் தாக்குதல் யாருடையது, தடுப்பு விழுந்ததா என்று நடுவர் சொல்ல வேண்டும். நடுவர் வாயிலிருந்து வருவதுதான் முடிவு.

"தயாரா? தொடங்கு!"

முதல் புள்ளி அக்காவுக்கு. எமோக்கேக்கு ஆட்டத்தின் சூடு ஏறுவதற்குள் அக்கா நேராகப் போய் அவர் நெஞ்சில் குத்தினார். கூடம் அதிர்ந்தது. தெஜோ எழுந்தே நின்றுவிட்டார். "அப்படித்தான் ஷாரி!" இரண்டாவதும் அக்காவுக்கே. பிறகு எமோக்கே ஒன்று எடுத்தார். காத்திருந்து, அக்கா பாய்ந்து எழுந்திருக்கத் தாமதமாகும் அந்த ஒரு கணத்தைப் பார்த்துக் குத்தினார். முழங்காலைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

மூன்று–ஒன்று. நாலு–இரண்டு. ஒரு புள்ளி போதும். சனம் காலால் தரையை மிதிக்க ஆரம்பித்தது, பழைய வழக்கப்படி. கீழே என் அறையில் எலும்புக்கூடு துள்ளிக்கொண்டிருக்கும். அக்கா அவசரப்பட்டார். எப்போதும் எதிராளியைச் சொல்கிறவர், அவரே அவசரப்பட்டார். இரண்டு தடவை தூரத்திலிருந்து பாய்ந்தார், இரண்டு தடவையும் எமோக்கேயின் வாள் அவர் தோளுக்குக் கீழே வந்து நின்றது. நாலு–நாலு.

நான் நிறுத்தி, கம்பியைச் சரிபார்க்கிற சாக்கில் அக்காவுக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தேன். வலைக்குள் அவர் முகம் தண்ணீரில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது.

"அக்கா, முழங்கால்..."

"தொடங்குடா."

தொடங்கச் சொன்னேன். இருவரும் நகரவில்லை. வாள்முனைகள் ஒன்றையொன்று முகர்ந்து பார்ப்பது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. மிதிப்பது நின்றது. பாலத்தில் டிராம் போகிற சத்தம் கேட்டது. திடீரென எமோக்கே பாய்ந்தார். அக்காவின் வாள் தடுக்கப் பக்கவாட்டில் வீசி, திரும்பிக் குத்தியது. இரண்டு விளக்கும் எரிந்தன.

தடுப்பு விழுந்திருந்தால் புள்ளி அக்காவுக்கு. விழாவிட்டால் எமோக்கேக்கு.

நான் பார்த்தேன். அக்காவின் வாள் காற்றைத்தான் வெட்டியது. எமோக்கேயின் வாளுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. எஃகு எஃகைத் தொட்ட ஒலி இல்லை. ஆனால் அதைப் பார்த்தது அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். "தடுப்பு, புள்ளி சிவப்புக்கு" என்று நான் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. எமோக்கே ரயிலேறிவிடுவார். தெஜோ பொகாச்சா தின்றுகொண்டே வீட்டுக்குப் போவார். என் கை பாதி உயர்ந்து நின்றது. எந்தப் பக்கம் நீட்டுவது என்று கைக்கே தெரியவில்லை.

"லோரி." முகக்கவசத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல். "பார்த்ததைச் சொல்லு."

"தாக்குதல் பச்சை. தடுப்பு இல்லை. புள்ளி பச்சைக்கு" என்றேன்.

கூடம் ஊளையிட்டது. "நடுவர் குருடு!" என்று ஏணியிலிருந்து ஒருவன் கத்தினான். தெஜோ என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. எமோக்கே முகக்கவசத்தைக் கழற்றி அப்படியே நின்றார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. அக்காவும் கழற்றினார். கை கொடுக்க வேண்டிய இடம் அது, இருவரும் அசையவில்லை. நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன்.

அதற்குள் நிலைமை தெரியாத மரோட்டி சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியோடு ஓடிவந்து எமோக்கே கையில் திணித்தார். "நாலு வார்த்தை பேசுங்க மேடம்!"

சனம் அடங்கியது. எமோக்கே ஒலிவாங்கியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த தெஜோவைப் பார்த்தார்.

"நான்..." என்றார். "நான் ஒருத்தருக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன்." ஒலிவாங்கியைக் கை மாற்றிக்கொண்டார். "இந்தக் கட்டடத்துக்கு நன்றி. அவ்வளவுதான்." ஒலிவாங்கியை மரோட்டியிடம் திருப்பி நீட்டினார்.

நான் மூச்சை விட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அக்கா முன்னால் வந்து அந்த ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். முதுகில் இன்னும் கம்பி மாட்டியிருந்தது. அது பின்னாலேயே இழுபட்டு வந்தது.

"துறைத்தலைவர் என்னை அப்பாவின்னு சொன்னார். ரொம்ப வருஷமா எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. நான் அப்பாவி இல்ல. அன்னிக்குக் காலைல நான் தூங்கல. முழிச்சிட்டுதான் இருந்தேன். இவ ஷூவை நான்தான் எடுத்துக் குடுத்தேன். காய்ச்சல்னு பொய் சொல்லி மத்தியானம் வரைக்கும் யாரையும் உள்ள விடல. அப்புறம் ஊருக்கு வந்ததும் இதே கட்டடத்துல, மேல, கரும்பலகைக்கு முன்னால அதிகாரிங்க உக்கார வெச்சுக் கேட்டாங்க. ஒண்ணும் தெரியாதுன்னேன். மறுபடியும் கேட்டாங்க, மறுபடியும் தெரியாதுன்னேன். இந்தச் சுவரெல்லாம் போகப்போகுது. இங்க சொன்ன பொய்யை இங்கயே விட்டுட்டுப் போறேன்."

ஒருவரும் கை தட்டவில்லை. விசிறி மாதிரி அட்டையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அக்கா தெஜோவின் பக்கம் திரும்பினார். ஒலிவாங்கியைத் தாழ்த்திவிட்டுச் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"தெஜோ. உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்."

தெஜோ எழுந்தார். மடியிலிருந்த பையை இருக்கையில் வைத்தார். மெதுவாக நடந்து தளத்துக்கு வந்தார். எமோக்கேக்கு நேராகப் போய் நின்றார். அடித்துவிடுவாரோ என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"உங்களை முப்பத்தேழு வருஷமா திட்டிட்டு இருந்தேன்" என்றார் அவரிடம். "தப்பான ஆளைத் திட்டியிருக்கேன்."

பிறகு மனைவியைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். கூட்டம் வழி விட்டது. அவர் காலடி ஒவ்வொரு மாடியாகக் கீழே போவது கேட்டுக்கொண்டே இருந்தது.

எமோக்கே கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம் இல்ல?" என்றார். "ஒலிம்பிக் போனதுகூட எனக்குப் பெருசில்ல. உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை. இருக்கியா செத்தியான்னு பேப்பரைப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்."

"முதல்ல பயம். எழுதினா உன்னைப் பிடிச்சிடுவாங்கன்னு. எல்லை திறந்தப்புறம்..." எமோக்கே உதட்டைக் கடித்தார். "அப்புறம் வெட்கம் ஷாரி. வேற காரணம் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் அது பெருசாயிட்டே போச்சு. இன்னும் ஒரு வருஷம் போகட்டும், இன்னும் ஒரு வருஷம்னு."

அக்கா கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். கை கொடுத்தார். இறுக்கிப் பிடித்தார், விட்டார். அணைத்துக்கொள்ளவெல்லாம் இல்லை.

தெஜோ வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒரு சின்னத் தோட்டமும் மரக் குடிலும் இருந்தன. அங்கே போய்த் தங்கிவிட்டார். ஃபோனை எடுக்கவில்லை. அக்கா ஒரு வாரம் பொறுத்தார், இரண்டாவது வாரமும் பொறுத்தார். பிறகு என்னிடம் வந்து, "வண்டி எடு" என்றார்.

நாங்கள் போனபோது அவர் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் வேலிக்கு வெளியே காரில் சாய்ந்து நின்றேன். காற்று எல்லாவற்றையும் என் காதுக்குக் கொண்டுவந்தது.

"என்னைக் கேட்டிருந்தா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார் தெஜோ.

"அங்கிருந்து உன்னை எப்படிக் கேட்கறது? விடியறதுக்குள்ள அவ போகணும்."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா உன்னையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நீயும் பொய் சொல்லணும். உனக்குப் பொய் சொன்னா காது சிவந்துடும்."

தெஜோ ஒரு செடியைக் கட்டி முடித்தார். அடுத்ததற்கு நகர்ந்தார்.

"அது சரி. எல்லை திறந்தாங்களே. எல்லாம் போச்சே. அப்ப சொல்லியிருக்கலாமே. என்னை என்ன பண்ணப் போறாங்க?"

அக்கா கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து அதிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"ஆமா" என்றார் கடைசியில். "வெட்கமா இருந்துச்சு."

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு."

"ஆமா. நீ அவளைத் திட்டும்போதெல்லாம் இன்னிக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். நீ திட்டி முடிச்சதும் சாப்பாடு ஆறிடுச்சுன்னு எழுந்து போயிடுவேன்."

தெஜோ நிமிர்ந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வண்டி போனதுகூடப் பழகிடுச்சு ஷாரி. ஆனா நீ என்னை அந்தக் கூட்டத்தோட கூட்டமா உக்கார வெச்சுச் சொன்னே பாரு. அதைத்தான் தாங்க முடியல."

"தெரியும்."

"தெரியுமாம்." நூல்கண்டை அவர் பக்கம் எறிந்தார். "பிடி இதை. தளர விடாதே."

நான் காரை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அக்கா பேருந்தில் வந்துகொள்வதாகச் சொன்னார். அன்று வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஆகஸ்டில் தொபோகோவை இடித்தார்கள். வேலி போட்டு, மூன்று நாள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே மேலிருந்து கீழாகப் பிய்த்தார்கள். பாலத்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அக்கா வரவில்லை. கூப்பிட்டேன். "எனக்கு அங்க வேலை முடிஞ்சுது, நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார். நான்தான் மூன்று நாளும் போய் நின்றேன். தூசியில் இருமிக்கொண்டு, எதற்கு நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன்.

தெஜோ இலையுதிர் காலத்தில்தான் முழுசாக வீட்டுக்கு வந்தார். திராட்சை பறித்து முடிக்கணும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார். புது அரங்கத்தில் வாரம் ஒரு நாள் மட்டும் வந்து, வேண்டாவெறுப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்.

போன சனிக்கிழமை சந்தையில் பார்த்தேன். புளிப்புச் செர்ரி வாங்கிக்கொண்டிருந்தார்; ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார் என்று கடைக்காரி சண்டை போட்டாள். எமோக்கே எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அந்தப் பெயரை இப்போது சொல்லலாம்.

"ஞாயிறானா ஃபோன் பண்றா. ஒரு மணி நேரம் பேசறா. வாயே மூடறதில்ல. நான் ஃபோனை மேஜை மேல வெச்சிட்டு வெங்காயம் நறுக்குவேன்."

"தெஜோ மாமா?"

"அவன் குறுக்க குறுக்கப் புகுந்து, இத்தாலியில ரயிலெல்லாம் எப்பவும் தாமதம்தானேன்னு கேக்கறான். அவ இல்லேங்கறா. ரெண்டு பேரும் கத்தறாங்க." அக்கா ஒரு செர்ரியை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். "நான் பாட்டுக்கு நறுக்கறேன்."